பாலில் கலந்த டானிக்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, சிவசங்கர் மூன்றாவது இரும்புச்சத்து டானிக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி தேவதர்ஷினிக்கு இது ஆறாம் மாதம். முதல் கரு கலைந்தபோதும் உடம்பில் ரத்தம் குறைவு என்றுதான் சொன்னார்கள். இப்போதும் ரத்தம் ஏறவில்லை.

"இது நல்லா கேக்குமாம். பழைய ரெண்டையும் தூக்கிப் போட்டுடலாம்" என்றபடி பால் காய்ச்சப் போனான்.

அவள் மூன்று பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ஒன்றில் வாழைப்பழ வாசனை. இன்னொன்றால் பல்லில் கறை பிடிக்கும். புதியது ஆரஞ்சுச் சுவை. இரும்புச்சத்து மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாலோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம் என்பதும் மூன்றிலும் இருந்தது.

துரு வாடை அவளுக்குக் குமட்டுகிறதென்று தினமும் பாலில் கலந்து ஆற்றிக் கொடுத்தவன் அவன். முதல் குழந்தை போனதற்கே தன்னை மன்னிக்காதவன். இதைச் சொன்னால் தாங்குவானா? உள்ளே குழந்தை அசைந்தது. சொல்லாமல் இருக்க முடியாது.

"என்னங்க, டானிக் மேல தப்பில்ல. பால்ல கலந்தா சத்து சரியா சேராதாம். நானும் இன்னிக்குத்தான் படிச்சேன்."

 பால் டம்ளரோடு வந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் டானிக்கை ஊற்றித் தானே முதலில் குடித்தான். முகம் கோணியது.

"இவ்வளவு மோசமாவா இருக்கும்?"

"அதுக்குத்தானே நீங்க பால்ல கலந்தீங்க" என்று சொல்லி அவள் வாயைத் திறந்தாள்.