இரண்டரைக் கட்டை

கார்க் கண்ணாடியில் மழை வழிகிறது. வழிகிற நீரில் தெருவிளக்கு கரைந்து மஞ்சளாய் ஓடுகிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாடிப் பார்க்கிறேன்.

வீட்டில் பாடினால் சுவருக்கும் காது. இங்கே மழைக்கும் மகளுக்கும் மட்டும்தான்.

ஒரு ப்ளூஸ் பாட்டு. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் எந்தக் காலத்திலோ பாடியது. வீட்டுக்குப் போக வழி தெரிந்தும் போக முடியாதவனின் பாட்டு. அவர் அழமாட்டார். ஒரு வரியைச் சொல்வார். அதையே இன்னொரு முறை சொல்வார். அதற்குள் நமக்கு அழுகை வந்துவிடும்.

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் கரோக்கி. லேப்டாப்பில் ஓடும் இசைக்கு யார் வேண்டுமானாலும் பாடலாம். ஏதோ தைரியத்தில் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஒரு பாட்டு நம் குரலுக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதலில் அதன் ஆகக் கீழான இடத்துக்குப் போக வேண்டும். அங்கே குரல் வெறும் காற்றாகிவிட்டால் பாட்டு நமக்கில்லை. பிறகு ஆக உயரமான இடம். அங்கே கழுத்து நரம்பு புடைத்தால் பாட்டு நமக்கில்லை.

கீழே போகிறேன். காற்றில்லை, குரல் இருக்கிறது. மேலே போகிறேன். நரம்பு சும்மா இருக்கிறது.

ஒத்துவருகிறது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி ஒத்துவருகிறது. அதுதான் வெட்கம்.

ஓர் ஆணின் பாட்டு, அவர் பாடிய அதே சுருதியில். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை என்பார்கள் பாட்டு வாத்தியார்கள். என்னுடையது இரண்டரை. பெயரோ மங்கையர்க்கரசி. போனில் பெயரைச் சொன்னால், "சரி சார், மேடம்கிட்ட குடுங்க" என்பார்கள். பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார் டீச்சர். அசைத்தேன். இன்னும் அசைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்து சீட்டில் ஆதிரை. என் மகள், பத்தாம் வகுப்பு. கரோக்கிக்கு லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளப் போவது அவள்தான். இந்த வருஷம் அவள் குரலும் இறங்கிவிட்டது. என் குரல் அப்படியே அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை.

"சுருதிய நாலு படி ஏத்தி வை, ஆதிரை."

"எதுக்கும்மா? இதுலயே நல்லாத்தானே இருக்கு."

"ஏத்துன்னா ஏத்து."

சனிக்கிழமை. ஹால் முழுக்க சீரியல் விளக்குகள். ஈரக் குடைகளின் வாசனை. மைக் ஜில்லென்று இருக்கிறது.

முதல் வரி எப்படியோ தப்பித்துவிடுகிறது. அதே வரி இரண்டாம் முறை. அதுவும் தப்பிக்கிறது. மூன்றாவது வரி மேலே ஏறுகிறது. குரல் பழந்துணி மாதிரி கிழிகிறது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள்.

இசை நிற்கிறது. ஆதிரைதான் நிறுத்தினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்றிய நாலு படியையும் இறக்கி, பாட்டை முதலிலிருந்து போடுகிறாள்.

இத்தனை பேர் முன்னால். கூனிக் குறுகிப்போகிறேன். மைக்கை வைத்துவிட்டு இறங்கவும் வெட்கம், நின்று பாடவும் வெட்கம். இரண்டில் பாடுவது கொஞ்சம் சின்ன வெட்கமாகத் தெரிகிறது.

கீழே போகிறேன். கீழே போகிறேன். அங்கே கால் வைக்கத் தரை இருக்கிறது.

பாட்டு முடிகிறது. கைதட்டல் வருகிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் சி பிளாக் சுந்தரவல்லி பஜ்ஜித் தட்டோடு வருகிறார். சூது வாது தெரியாத மனுஷி.

"பிரமாதம்ங்க. கண்ண மூடிக் கேட்டா அப்படியே ஆம்பள பாடுற மாதிரியே இருந்துச்சு."

பாராட்டத்தான் சொன்னார். என் வாய் முந்திக்கொள்கிறது. "தொண்ட கட்டியிருக்குங்க. மழை பாருங்க, அதான்."

"ராத்திரி பால்ல மிளகு போட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்.

ஆதிரை எனக்குப் பின்னால்தான் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்போ எனக்கும் தொண்ட கட்டியிருக்காம்மா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். என் குரலில் கேட்கிறாள்.

மேடையில் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை. அது முகத்தோடு போயிற்று. இது அவள் வரைக்கும் போயிருக்கிறது.

சுந்தரவல்லி அதற்குள் ஹாலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். கூட்டத்துக்கு மேலாகக் கூப்பிடுகிறேன். வாழ்நாளில் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. தலைகள் திரும்புகின்றன.

"தொண்ட எல்லாம் கட்டலைங்க. என் குரலே இதுதான். எம் பொண்ணுக்கும் இதுதான்."

முகம் எரிகிறது. எல்லாரும் எங்கள் இருவரையும் பார்க்கிறார்கள்.

"அய்யோ அம்மா, மானத்த வாங்காத!" என்கிறாள் ஆதிரை. அதே குரலில், ஹால் முழுக்கக் கேட்கும்படி.