ரிக்கார்டு ஓடும்போது நடக்கக் கூடாது

வாழ வந்த வீட்டில் நடக்கக் கூடாது என்று எந்தப் பெண்ணுக்காவது சட்டம் போட்டிருக்கிறார்களா? எனக்குப் போட்டார்கள். போட்டவர் என் வீட்டுக்காரர் பூவனநாதன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். பகலெல்லாம் அங்கே வேலை பார்க்கிற பெண்களை விரட்டியது போதாதென்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னை விரட்டுவார்.

எல்லாம் அந்த ரிக்கார்டு பெட்டியால் வந்த வினை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சாமுவேல்ராஜ் என்று ஒரு தம்பி பாட்டுப் பதிகிற கடை வைத்திருந்தார். என்ன பாட்டு வேண்டும் என்று சொன்னால் போதும், இசைத்தட்டைச் சுழலவிட்டு அதிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுப்பார். சி.டி. வந்ததும் அந்தத் தட்டுகளையும் சுற்றுகிற பெட்டியையும் யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எத்தனையோ தலை இருக்க, இவர் தலையை நீட்டினார். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கோடையில், ஆட்டோவில் அது எங்கள் வாசலில் வந்து இறங்கியது. எனக்குச் சக்களத்தி வந்து இறங்கியது போலத்தான் இருந்தது.

“நம்மகிட்டதான் டேப்ரிக்கார்டர் இருக்கே, இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“கேசட்டுங்கிறது அவிச்ச கத்தரிக்கா. ரிக்கார்டுங்கிறது எண்ணெய்க் கத்தரிக்கா. உனக்கு எங்க தெரியப் போவுது?” என்றார்.

கத்தரிக்காய் வதக்குகிறவள் நான். எனக்குத் தெரியாதாம்.

ஒரு பாட்டுக் கேட்க அவர் படுகிற பாட்டைப் பார்த்தால் பாட்டே வேண்டாம் என்று தோன்றும். முதலில் ஜன்னலை எல்லாம் சாத்துவார், கரிசல் தூசி உள்ளே வந்துவிடும் என்று. பிறகு காற்றாடியை நிறுத்துவார், உள்ளே இருக்கிற தூசி பறக்கும் என்று. கோவில்பட்டி வெயிலில், பூட்டிய அறையில், பனியனோடு உட்கார்ந்து, தட்டின் ஓரத்தை மட்டும் பிடித்துப் பஞ்சால் துடைப்பார். பெற்ற மகள் சத்யபிரியாவைக் கூட அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. வேர்வை தட்டில் சொட்டும். மறுபடி துடைப்பார். ஒரு வழியாக ஊசியை வைத்து, கண்ணை மூடித் தலையை ஆட்ட ஆரம்பிப்பார். அதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். எழுந்து திருப்பிப் போட வேண்டும்.

இதுகூடப் பரவாயில்லை. எங்கள் வீடு கரிசல் மண் மேல் கட்டியது. மழை பெய்தால் மண் ஊதி வீட்டைத் தூக்கும். வெயில் அடித்தால் வெடித்துக் கீழே விடும். தரை ஒரு மாசம் இருந்த வாட்டத்தில் மறுமாசம் இருக்காது. பெட்டி சமமாக இல்லாவிட்டால் ஊசி ஒரு பக்கமாக இழுக்குமாம். அதனால் மேஜைக் கால்களுக்கு அடியில் தீப்பெட்டிகளை முட்டுக் கொடுப்பார். காலிப் பெட்டி நசுங்கும் என்று குச்சி நிறைந்த பெட்டிதான். பெட்டியின் மூடிமேல் ஒரு கோலிக்குண்டை வைப்பார். அது உருண்டால் இன்னொரு தீப்பெட்டி. ஒரு நாள் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லாமல், அவசரத்துக்கு அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ஒரு நாதஸ்வர வித்வான் பாதி ராகத்தில் வழுக்கி அடுத்த பாட்டின் நடுவில் போய் விழுந்தார். இவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டு, “காயப் போடு” என்று ஒன்றை என் கையில் கொடுத்தார். நான் மாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காயப் போட்டேன். நிழலில் காயப் போடு என்று சொல்லியிருக்க வேண்டியது அவர். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மிளகாய் பதமாகக் காய்ந்திருந்தது, தட்டு கிண்ணமாக வளைந்திருந்தது. அதில் பூண்டு போட்டு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் மண் இறங்கி, நடந்தால் டொம் டொம் என்று கேட்கும். நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். ஒரு சாயங்காலம் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன், ஊசி குதித்தது.

“ஏட்டி சுதா! பைய நட! நீ நடந்தா ஊசி குதிக்கு!”

“நான் நடந்தா குதிக்கா? வீடு பூரா நீங்களும்தான் நடக்கீங்க.”

“நான் நடந்தா குதிக்கலியே.”

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. மகள் வேறு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து ரிக்கார்டு ஓடினால் வீட்டில் எல்லோரும் இருந்த இடத்தில் சிலையாக வேண்டும். தோசை கருகினாலும் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் நான் கழுகுமலைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வழி பிறந்தது சாமுவேல்ராஜ் தம்பியால். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இவர் கத்தரிக்காய்ப் பேச்சை எடுத்தார். தம்பிக்குத் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, நான் இத்தன வருசமா அந்தத் தட்டுலருந்துதான் கேசட்டுல பதிஞ்சு குடுக்கேன். அதே பாட்டு, அதே கரகரப்பு. ஒரு வித்தியாசமும் கிடையாது.”

“எனக்குத் தெரியும்வே. கண்ணைக் கட்டிட்டுப் போட்டாலும் சொல்லுவேன்.”

“சொல்லாட்டி?”

“மீசைய எடுத்துருதேன்!”

என் வீட்டுக்காரருடைய மீசை சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் காதைப் பார்த்துப் போகும். தீப்பெட்டி ஆபீஸில் அவர் வருவதற்கு முன்னால் மீசை வரும் என்பார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தம்பி விடவில்லை. “சரியாச் சொல்லிட்டா என் மீசைய நான் எடுக்கேன். தப்பாச் சொன்னா உங்க மீசையும் போவுது, பெட்டியும் திரும்ப என் கடைக்கு வருது” என்றார். நான் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு போட்டி. தம்பி நாதஸ்வரத் தட்டை அப்படியே கேசட்டில் பதிந்து கொண்டுவந்தார். இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான். இவர் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார, சத்யபிரியா துண்டால் கண்ணைக் கட்டினாள். எதைப் போட வேண்டும் என்று தம்பி விரலால் அவளுக்குச் சைகை காட்டுவார். ஒரு விரல் ரிக்கார்டு, இரண்டு விரல் கேசட்டு. தீப்பெட்டி ஆபீஸ் போர்மேன் மாடக்கண்ணுதான் நடுவர். எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் அக்கா வேடிக்கை பார்க்க வந்து, வாசற்படியில் உட்கார்ந்து நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு விரல். நாதஸ்வரம் எழும்பியது. “ரிக்கார்டு” என்றார் இவர். சரி.

பிறகு இரண்டு விரல். “கேசட்டு. சப்புன்னு இருக்கு” என்றார். சரி.

மறுபடியும் இரண்டு விரல், ஏமாற்றுவதற்காக. “கேசட்டுதாம்வே. என்கிட்டயேவா?” அதுவும் சரி. தம்பி தன் மீசையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. நான் கூப்பிட்டால் காது கேட்கவில்லை என்று திரும்பாத மனுஷனுக்கு இப்படி ஒரு காதா?

எரிச்சலில் மறுபடி அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன். நான் நடையைத் தாண்டும்போது சத்யபிரியா ரிக்கார்டில் ஊசியை வைத்தாள். அவ்வளவுதான், பழக்க தோஷத்தில் தூக்கிய கால் தூக்கியபடி நின்றுவிட்டேன். சத்யபிரியாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்து முத்துமாரியம்மாள் அக்கா கடலை உரிப்பதை நிறுத்தினாள். மாடக்கண்ணு இருமலை விழுங்கினார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

“ரிக்கார்டு!” என்றார் இவர் உடனே. “அந்த ஆழத்தைப் பாருங்க. சுத்தி ஒரு அமைதி இருக்கு பாத்தீங்களா, அது கேசட்டுல வராது.”

நான் ஒற்றைக் காலில் நின்றபடியே யோசித்தேன். கேசட்டு ஓடினபோதெல்லாம் நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் டொம் டொம் என்று நடந்துகொண்டிருந்தேன். பாத்திரம் உருண்டது. அக்கா கடலை உரித்தாள். ரிக்கார்டு ஓடினபோது மட்டும் எல்லோரும் சிலை. இந்த மனுஷன் நாதஸ்வரத்தைக் கேட்கவே இல்லை. என் காலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்! தான் என்ன கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “கடைசியா ஒண்ணு போடுங்க. இதுல தப்பாச் சொன்னா மொத்தமும் தோத்தேன்னு வச்சுக்கிடுங்க” என்றார். தம்பி அவசரமாக இரண்டு விரலைக் காட்டினார். நான் காப்பித் தட்டைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன். மெதுவாகக் கீழே உட்கார்ந்தேன். எல்லோரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். அக்கா கடலையை மடியில் போட்டாள். மாடக்கண்ணு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். கேசட்டு சுழன்றது. இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் வீட்டில் நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். “இதுல என்னய்யா கேள்வி? ரிக்கார்டு! இன்னைக்குப் போட்டதுலயே இதுதான் சுத்தம்!”

மாடக்கண்ணு இவர் கண்ணில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். ரிக்கார்டு பெட்டி மூடிக் கிடந்தது. டேப்ரிக்கார்டரில் கேசட்டு சுழன்றுகொண்டிருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் மீசை போயிற்று. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன் இவரை வாசலில் நிறுத்தி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். பெட்டி ஆட்டோ ஏறியது. நான் அன்று முழுக்க வீட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வேண்டுமென்றே நடந்தேன். டொம் டொம் டொம். என் காலுக்கு இவ்வளவு நல்ல சத்தம் இருக்கிறதா என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான். அப்புறம் பார்த்தால் நான் நடந்துகொண்டேதான் இருந்தேன். “சுதா, தண்ணி.” “அம்மா, என் துப்பட்டா எங்க?” எதிர்வீட்டிலிருந்து, “சுதா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?” ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பி, காப்பி முடிந்ததும் மாவு, மாவு முடிந்ததும் இராச்சாப்பாடு. ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது, நான் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. ரிக்கார்டு இருந்தபோது ஒரு பக்கம் முடிகிறவரை என்னை யாரும் எழுப்ப முடியாது. தோசை கருகினால் கருகட்டும் என்று சட்டமே இருந்தது. அந்தச் சட்டத்தைப் போய் நானே என் காலால் மிதித்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் சாமுவேல்ராஜ் தம்பி கடை வாசலில் போய் நின்றேன்.

“தம்பி, அந்தப் பெட்டியத் தாங்க.”

“மதினி, அதுல பெல்ட்டு அறுந்துட்டு. மதுரையிலருந்து வரணும். இப்ப சுத்தாது.”

“சுத்தாட்டி என்ன? ஏத்தி விடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் நானே தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்தேன். கோலிக்குண்டு உருளாமல் நிற்கிறவரை விடவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். ஒரு தட்டை எடுத்துப் பஞ்சால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். ஊசியையும் அதன்மேல் வைத்தேன். பிறகு அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

“ரிக்கார்டு ஓடுது! யாரும் நடக்கப்படாது!” என்று சத்தம் கொடுத்தேன்.

சத்யபிரியா அடுப்படியில் அப்படியே நின்றாள். அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிய இவர், பாதி முளைத்த மீசையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அசையாத தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிமேல் அடி வைத்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“ஏட்டி, ஒண்ணும் கேக்கலியே?”

“பேசாம இருங்க,” என்றேன். “ஊசி குதிச்சிரும்.”