அக்கா தப்பு சொல்லும் பியானோ

நான் பியானோவில் தப்பாக வாசித்தால் பக்கத்து அறையிலிருந்து அக்கா "தப்புடா" என்பாள். அக்கா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவள் சொல்வதில் எனக்குப் புகார் ஏதும் இல்லை. மூன்று வாரமாக அவள் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் புகார்.

பியானோ என்றால் கரண்டில் ஓடும் டிஜிட்டல் பியானோ. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அக்கா தன் முதல் போனஸில் வாங்கியது. எண்பத்தெட்டுக் கட்டை. நடுவில் ஒன்று அமுங்கினால் எழுவதில்லை. அக்காவின் குரல் அதற்கு அடியில்தான் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் அவ்வளவுதான் தெரியும்.

ரிப்பேருக்குக் கொண்டுபோகக் காந்திபுரம் பஸ்ஸில் அதை ஏற்றினேன். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு என்ன வயசுங்க?"

"இருபத்திரண்டு."

"அப்ப முழு டிக்கெட். சன்னலோரமா உக்காரச் சொல்லுங்க."

நான் நின்றுகொண்டு வந்தேன்.

கடையில் ஒரு விண்ணப்பம் தந்தார்கள். 'பழுதானது எது? கருவி, உரிமையாளர், உடன்பிறந்தோர்.' ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். எதைக் குறிப்பது என்று தெரியாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விற்பனையாளர் நவநீதன் அதை மடித்து விசிறிக்கொண்டார்.

"ரிப்பேர் எதுக்குங்க சார்? எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க."

"இதுல எங்க அக்கா இருக்காங்க."

"புதுசுலயும் வருதுங்க சார். மொத்தம் இருநூறு அக்கா. கேட்டுப் பாருங்க."

புதுப் பியானோவின் முன்னால் என்னை உட்காரவைத்தார். நான் முழங்கையால் நாலு கட்டையை அமுக்கினேன்.

"சூப்பர் தம்பி!" என்றது பியானோ.

நெற்றியால் அமுக்கினேன்.

"கலக்கிட்ட தம்பி!"

"தப்புன்னு சொல்ற அக்கா இருக்குதுங்களா?"

"அந்த மாடல நிறுத்திட்டாங்க சார். கஸ்டமருங்க மனசு நோகுதாம்."

கொஞ்சம் சபலப்பட்டேன் என்பது உண்மை. இந்த நாற்பத்து மூன்று வயது வரை என்னை யாரும் சூப்பர் என்று சொன்னதில்லை. ஆனால் அந்தக் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ரிப்பேர் பிரிவு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. முன்பு பத்தடித் தாழ்வாரம்தானாம். ஆள் நடமாட்டம் குறைந்ததால் வளர்ந்துவிட்டது. பியானோவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினேன். சுவரில் காலண்டர்கள் வருடம் வருடமாகப் பின்னால் போயின. பெஞ்சில் டேப்ரெக்கார்டர்கள் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தன. ஒரு மிக்ஸி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது. நான் உட்காரவில்லை. தாழ்வாரம் முடிந்தபோது எனக்குத் தொப்பை இல்லை, தலையில் முடி இருந்தது. முடியை நான் தொடவில்லை. தொட்டால் கொட்டும் என்பது என் அனுபவம்.

உள்ளே சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு மெக்கானிக் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்டுங்க?"

"அக்கா பேச மாட்டேங்கறாங்க."

"சண்டைங்களா?"

"இல்லீங்க. இறந்துட்டாங்க."

"எப்ப இருந்து?"

"ஒம்பது வருசம் ஆச்சுங்க."

"அதில்லீங்க. பேசாம ஆனது எப்ப இருந்து?"

"மூணு வாரமா."

அவர் கட்டைகளைக் கழற்றினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் காய்ந்த சந்தனம் இருந்தது. ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைப்பார்கள். அக்கா எண்பத்தெட்டுக் கட்டைக்கும் தனித்தனியாக வைப்பாள். "ஒண்ண விட்டுட்டாலும் அது கோவிச்சுக்கும்டா." பொரியையும் கை நிறைய அள்ளி அதன் மேலேயே வைத்துப் படைப்பாள். பூஜை முடிந்ததும் நான் அங்கேயே உட்கார்ந்து தின்பேன்.

நடுக்கட்டைக்கு அடியில் ஒரே ஒரு பொரி இருந்தது.

மயிலாத்தாள் அதை விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"எந்த வருசத்துப் பூசைங்க?"

"மொதல் வருசம்."

அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார். "இன்னும் மொறுமொறுன்னு இருக்குதுங்க."

நான் கையை நீட்டியிருந்தேன். பாதியாவது கொடுத்திருக்கலாம்.

கட்டைக்கு அடியில் இருந்த ரப்பர் பட்டையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டினார். சந்தனத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். கட்டை அமுங்கியது, எழுந்தது.

"வாசிங்க."

எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அக்கா கற்றுக்கொடுத்தது. முப்பத்திரண்டு சுரம். பத்தொன்பதாவதில் தப்பு செய்தேன். காத்திருந்தேன். அக்காவின் சத்தமே இல்லை.

மயிலாத்தாள் என் விரலைப் பார்த்தார்.

"இது வேணும்னே பண்ணுன தப்புத்தானுங்க?"

நான் தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தேன்.

"எத்தன நாளா?"

"மூணு வாரமா. ஒரு தப்புக்கு ஒரு தடவதான் பேசறாங்க. கூட ரெண்டு வார்த்த பேசட்டுமேன்னு..."

"அது அவங்களுக்குத் தெரியாதுங்களா? பியானோல இனி ஒண்ணுமில்லீங்க. ஒழுங்கா வாசிங்க."

"ஒழுங்கா வாசிச்சா அவங்க எதுக்குப் பேசப் போறாங்க?"

"ஒழுங்கா வாசிக்க உங்களால முடியுங்களா?"

நியாயமான கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் சுரத்திலிருந்து முழு மனதோடு வாசித்தேன். பத்தொன்பது சரியாக வந்தது. இருபத்தைந்தும் சரி. வியர்த்தது. இருபத்தெட்டு தாண்டியபோது பயம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒன்று சரியாக வந்துவிடும் போலிருந்தது. வந்துவிட்டால் அக்கா இல்லை. வேண்டுமென்றே தப்பு செய்தாலும் அக்கா இல்லை. முப்பது சரி. முப்பத்தொன்று சரி.

முப்பத்திரண்டில் சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது.

அந்த அறைக்குப் பக்கத்தில் அறை கிடையாது. சுவருக்கு அந்தப் புறம் வெட்டவெளி. அங்கே குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"தப்புடா எரும. கடைசிலயா கோட்ட விடுவ? மொதல்ல இருந்து வாசி."

மயிலாத்தாள் விண்ணப்பத்தை எடுத்து, 'உரிமையாளர்' என்பதைக் குறித்தார். கீழே எழுதினார்: 'பழுது பழையபடி நன்றாக உள்ளது. எடுத்துச் செல்லலாம்.'

முத்திரை குத்தும்வரை அவர் காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கவில்லை. முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.