வெள்ளிக்கிழமை நூடில்ஸ்

அவித்த நூடில்ஸை வடிதட்டில் கொட்டி, ஒட்டாமலிருக்க ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறிக்கொண்டிருந்தபோது என் கூடப்பிறந்த றஜனி அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள். கனடாவில் அவளுடைய மகள் சாருஜாவின் வயிற்றுப் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்து அன்றைக்கு இருபத்தாறாவது நாள். அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது அன்றுதான்.

"இண்டைக்கும் சீனாச் சாப்பாடுதானோ, தம்பி?"

"ஓம். இருங்கோ அக்கா, இப்ப முடிஞ்சிடும்."

"இவர் ஒரு நாள் சமைச்சால் நான் ரெண்டு நாள் தாச்சி மினுக்கோணும், மச்சாள்," என்றாள் என் மனைவி தக்சாயினி. வழக்கமாக அக்கா இதற்குச் சிரிப்பாள்.

பருத்தித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் எங்களுடையது பலசரக்குக் கடை. சரக்கைப் பற்றி வாங்குகிறவன் கேட்டால் உண்மையைச் சொல், கேளாவிட்டால் அவன் கண் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அப்பா எனக்குத் தந்த சொத்து. நூடில்ஸ் நானாகத் தேடிக்கொண்டது. சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகும் நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு சீனக் கடையில் சாப்பிடுவேன். அதன் சமையற்காரனைக் கதையில் மயக்கி, எந்தச் சூட்டில் எதைப் போடுவது என்று கறந்துகொண்டேன். ஞாயிறில் முட்டையும் இறாலும் போடுவேன். வெள்ளிக்கிழமை கடையை வெள்ளெனப் பூட்டிவிட்டு வந்து கரட், லீக்ஸ், கோவா என்று மரக்கறி மட்டும் போட்டுச் சைவமாகச் செய்வேன்.

கடவுளோடு பேரம் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வெட்கமில்லை. கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு சாருஜா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அக்கா சந்நிதி முருகனிடம் போய் நேர்த்தி வைத்தாள். பிள்ளை சுகமாகப் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டாள். சுறா வறை இல்லாவிட்டால் சோறு இறங்காத மனுசிக்கு அது பெரிய விலைதான். இரண்டு மாதத்தில் தோள் எலும்பு தெரிந்தது. பருப்பும் கீரையும் இரண்டு வாய், பிறகு கை கழுவல். என் சைவ நூடில்ஸையும் நனைந்த நூலை மெல்லுவதுபோலத்தான் மென்றாள்.

அதற்கு அடுத்த வெள்ளிதான் நான் ஒயிஸ்டர் சோஸை எடுத்தேன். கடற்சிப்பியின் சாற்றில் காய்ச்சும் சோஸ் அது. போத்தலில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது என்று நான் சொல்லமுடியாது. அதை விற்பவனே நான்தான். ஒரு கரண்டிதானே, வாசத்துக்குத்தானே என்றது மனம். தக்சாயினி கண்டுவிடக்கூடாதென்று சோயா சோஸ் போத்தலுக்குள் ஊற்றிக் கலக்கி வைத்தேன். அன்றைக்கு அக்கா சாப்பாட்டுக் கோப்பையை இரண்டாந்தரம் நீட்டினாள். "எட, மச்சமில்லாமல் இவ்வளவு ருசி எங்கையிருந்தடா வந்தது?" என்றாள். சீனன் கெட்டிக்காரன் என்றேன். ஆறு வெள்ளி அப்படியே போயிற்று. அவள் முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அதைப் பார்த்து நான் பெருமைகூடப் பட்டேன்.

பிறகு கனடாவிலிருந்து அந்தத் தொலைபேசி வந்தது.

நேர்த்தியால் பிள்ளை தங்கும் என்றும் நேர்த்தி முறிந்தால் கலையும் என்றும் நான் நம்புகிறவனல்ல. கடையில் இருக்கும்போது சத்தியமாக நம்புவதில்லை. ஆனால் இப்போது சோயா சோஸ் கேட்டு யாராவது வந்தால், எடுத்துக் கொடுக்கிற கை ஒரு கணம் நிற்கிறது.

அக்கா திரும்ப வந்த அந்த இருபத்தாறாம் நாள் நான் அந்தச் சோஸ் போடவில்லை. மூவரும் மேசையில் இருந்தோம். அக்கா ஒரு வாய் வைத்து மென்றாள்.

"என்னவோ குறையுதடா."

"உப்போ, மச்சாள்?" என்றாள் தக்சாயினி.

"உப்பில்லை." கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குறையட்டும். இனி இது எனக்கு வேண்டாம், தம்பி. நேற்றுக் கோவிலிலை இருந்து யோசிச்சன். விரதமெண்டு சொல்லிப்போட்டு வெள்ளிக்கு வெள்ளி நாக்கு ஊற ஊறத் திண்டிருக்கிறன். மச்சத்தைத் தின்னாமல் விட்டு என்ன, ருசியை விடேல்லையே. முருகன் என்ன பேயனே? சாருஜா திரும்ப உண்டாகவேணும். இனி ஒரு நேரச் சோறும் தண்ணியும்தான், உப்பும் இல்லாமல்."

"மச்சாள், அப்பிடிக் கிடந்தால் நீங்கள் இருக்கமாட்டியள்."

"நான் இருந்து என்ன? பிழை விட்டது நான்."

தக்சாயினி என்னைப் பார்த்தாள். அக்காவை மறிப்பது தம்பியின் வேலை என்ற பார்வை. அவளுக்கும் ஒன்றும் தெரியாது. இவ்வளவு காலமும் வாங்குகிறவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார், அன்றைக்கும் நான் சீனன் தலையில் போட்டுவிட்டேன். இப்போது சொன்னால் அக்கா பட்டினியை விடுவாள். அதன் பிறகு என் வீட்டுப் படியையும் மிதிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவள் வருவாள், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெலிந்து.

அக்கா தன் பங்கை விரலால் அள்ளி என் கோப்பைக்கு மாற்றத் தொடங்கினாள்.

"நீ தின். வீணாக்காதை."

"அக்கா," என்றேன். "பிழை உங்கடை பக்கம் இல்லை."

அவள் கை அந்தரத்தில் நின்றது.

"பின்னை ஆரின்ரை பக்கம்?"

அவளுடைய கோப்பைக்கும் என்னுடையதற்கும் நடுவே ஒரே ஒரு நூடில்ஸ் இழை தொங்கி, எண்ணெய் மினுங்க மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவளும் இழுக்கவில்லை, நானும் அறுக்கவில்லை.