கிணறு குடித்த கித்தார்

1933ஆம் வருடம் சித்திரை மாதம், சேக் இஸ்மாயில் ராவுத்தர் கடையில் கிடந்த கித்தாரைச் சாய்த்தபோது அதன் வட்டத் துளையிலிருந்து அரைக்குடம் தண்ணீரும் உயிரோடு ஒரு கெண்டைக் குஞ்சும் தரையில் விழுந்தன. ராவுத்தரின் மனைவி ஜெயினம்பு மீனை எடுத்துச் செம்பில் விட்டாள், தண்ணீரைத் துடைத்தாள். அன்றைக்குப் பருத்தி விலை இறங்கியிருந்ததால் தெருவில் அதுதான் பேச்சாக இருந்தது. கித்தாரைப் பற்றி மறுநாள்தான் பேசினார்கள்.

காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் ராவுத்தர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். பீரோவோ தொங்கு விளக்கோ வெள்ளைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையோ, எதுவானாலும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடுவார்; திறக்கும்போது விலை சொல்வார். அந்த விலை பிசகியதில்லை. பேரம் பேச வந்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் மடியை அவிழ்ப்பார்கள். அப்படிப்பட்டவர், இறந்துபோன ரயில்வே துரை ஒருவரின் பங்களாச் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது, அலமாரிக்குள் கம்பளியில் சுற்றியிருந்த கித்தாரின்மேல் கையை வைத்தார். விலை வரவில்லை. மறுபடி வைத்தார். உள்ளங்கை சில்லிட்டதே தவிர விலை வரவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இது என்ன, யார் செய்தது, எவ்வளவு பெறும் என்று தெரியாமல் இதைக் கடையை விட்டு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார். கெடுதல் அந்த முடிவில் தொடங்கியது.

முதலில் பாண்டு வாத்தியக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் முதுகைத் தட்டிப் பார்த்து, பழைய கித்தார்தான், பத்து ரூபாய்க்குப் போகும் என்றார். அதற்கு மறுநாள்தான் மீன் விழுந்தது. அடுத்து மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர் வந்தார். துளையைச் சுற்றிப் பதித்திருந்த சிப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு ஐம்பது என்றார். மறுநாள் கித்தாரிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வந்தது. ஜெயினம்பு அதைக் கொட்ட மனமில்லாமல் அண்டாவில் பிடித்து வைத்தாள். அந்த நேரம் தெருவுக்குத் தயிர் விற்கிற அன்னக்கொடி பானையோடு வந்தாள். கீழக்குயில்குடியிலிருந்து விடியலில் கிளம்பி நடந்து வருகிறவள். தாகத்துக்கு அண்டாவிலிருந்து ஒரு கை மொண்டு குடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்க கெணத்துத் தண்ணியாச்சே," என்றாள்.

சமண மலைப் பாறையில் ஊறி வருகிற தண்ணீர் அது. குடித்து முடித்ததும் நாக்கடியில் லேசாக இரும்பு ருசிக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் குடிக்கிற தண்ணீர்.

"நேத்துச் சாயங்காலம் திடீர்னு ஒரு ஆள் மட்டம் எறங்கிருச்சுக்கா. கமலை இழுத்த மாடு ரெண்டும் மெரண்டு நின்னுருச்சு. ஊத்துக்கண்ணு அடைச்சிருச்சுங்கிறாரு எங்க வீட்டுக்காரரு."

மாதா கோயில்காரர் ஐம்பது என்று சொன்னதும் நேற்றுச் சாயங்காலம்தான். ராவுத்தர் சிரித்தார். தண்ணிக்கு ஊர்ப்பேரா எழுதியிருக்கு என்றார். ஜெயினம்பு சிரிக்கவில்லை; கித்தாருக்கு ஐம்பது என்று விலை சொன்ன நேரத்தை அன்னக்கொடியின் காதில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் கித்தாரைச் சாய்க்க யாரையும் விடவில்லை.

பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கத் திருச்சியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரைரா, வைகாசிக் கடைசியில் வந்தார். ராவுத்தர் ஆள்விட்டு அவரை அழைத்துவந்தார். பெரைரா கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைத் துளைக்குள் இறக்கித் தீக்குச்சி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். தலைப்பகுதியின் வெட்டை விரலால் அளந்தார். மர முளைகளைத் திருகினார், நரம்பை முகர்ந்தார். ஸ்பெயின் தேசத்து வேலை, எண்பது வருடமாவது இருக்கும், செய்தவன் எங்கேயும் பெயர் வைக்கவில்லை என்றார். முதுகுப் பலகை என்ன மரம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு துடைத்தாலும் அது வேர்த்துக்கொண்டே இருந்தது.

"இதோட ஜோடியை நான் ஒருவாட்டி பார்த்திருக்கேன், ராவுத்தர்," என்றார். "கோவா பக்கம் ஒரு பாதிரியார் வீட்டுல. அப்ப அதுக்கு விலை பேசிக்கிட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் போனேன். அந்த ஊருல ஜனம் இல்லை. வீடெல்லாம் இருந்துச்சு, ஜனம் இல்லை."

"அது கெடக்கட்டும். இது என்ன பெறும்?"

பெரைரா நெடுநேரம் யோசித்தார். தெரிந்த ஒருவர் கொழும்பில் இருக்கிறார், அவர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார் என்றார். அந்தச் சந்தில் ஒரு வீட்டின் விலை அது. வார்த்தை வாயை விட்டு வந்ததும் கித்தார் முனகியது. அது இருந்த மேசையின் கால் ஒன்று முறிந்தது. பெரைராவும் ராவுத்தரும் கடைப்பையனும் சேர்ந்து தூக்கியும் அதைத் தரையிலிருந்து அசைக்க முடியவில்லை. ராவுத்தரின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. விலை கிடைத்துவிட்டது.

மறுநாள் அன்னக்கொடி பானையில்லாமல் வந்தாள். கிணறு வற்றிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளும் வற்றிவிட்டன. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கி, மீன்கள் சேற்றில் துடித்ததை ஊரே நின்று பார்த்தது. மாடுகள் மலைப்பக்கம் தலையைத் திருப்பிக் கத்திக்கொண்டே இருந்தன.

"எம்புட்டுச் சொன்னீக?" என்று கேட்டாள்.

ஜெயினம்பு சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் உலக்கையை எடுத்துவந்து கித்தாரின்மேல் ஓங்கினாள். அன்னக்கொடிதான் அவள் கையைப் பிடித்தாள்.

"ஒடைச்சா எங்க தண்ணி ஒங்க சாக்கடையில போயிரும்க்கா. வேண்டாம். சொன்ன வெலைய எறக்கச் சொல்லுங்க."

கேட்டது அவ்வளவுதான். ஆனால் ராவுத்தர் ஒரு பொருளின் விலையைக் குறைத்துச் சொன்னதில்லை. பெறுவதைச் சொல்லாமல் விடுவது பொய் என்று நம்பியவர். பெரைரா எழுதிய கடிதத்துக்குக் கொழும்புக்காரரின் பதிலும் வரவேண்டியிருந்தது. யோசிக்கிறேன் என்றார். அந்த யோசனையில் பல நாள் போயிற்று. அன்னக்கொடி தினமும் வந்து கடை வாசலில் நின்றாள், பேசவில்லை. ஜெயினம்பு புருசனுக்குச் சோறு வைத்தாள், அவளும் பேசவில்லை. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தொழுகை முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கித்தாருக்கு முன்னால் உட்கார்ந்தார். அதன்மேல் கையை வைத்தார்.

"இது காலணா பெறாது," என்றார்.

கித்தார் மூச்சு விட்டது. ஒரு விரலால் தூக்கலாம் போல லேசாகிவிட்டது. ராவுத்தர் அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார். அன்னக்கொடி அவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அவள் புருசன் பேயாண்டி அந்த நேரம் கிணற்றுக்குள் இருந்தான். ஊற்றுக்கண் அடைத்துவிட்டது என்று அவன் சொன்னது சொன்னதுதான். பொண்டாட்டி சொன்ன கித்தார்க் கதையை அவன் காதில் வாங்கவில்லை. நாள்தோறும் கடப்பாரையோடு இறங்கி அடிப்பாறையை உடைத்துக்கொண்டிருந்தான். தம்பி விருமாண்டி மேலே நின்று மண்கூடையை இழுத்தான். விருமாண்டி பிறகு சொன்னதாவது: தண்ணீர் ஊறி வரவில்லை, எழுந்து வந்தது. ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதைப்போல எழுந்து, விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. கயிறு தளர்ந்தது. அண்ணன் சத்தம் போடக்கூட இல்லை. முங்கித் தேடினார்கள். கமலை பூட்டித் தண்ணீரை இறைத்தார்கள். இறைக்க இறைக்க விளிம்பிலேயே நின்றது. பேயாண்டி கிணற்றில் இல்லை. அந்த வருடம் கீழக்குயில்குடியில் நெல் நன்றாக விளைந்தது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் அன்னக்கொடியும் விருமாண்டியும் கடைக்கு வந்தார்கள். விருமாண்டியின் இடுப்பில் அரிவாள் இருந்தது. சந்தில் கதவுகள் சாத்தப்பட்டன. ராவுத்தர் எழுந்து அவன் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றார். விருமாண்டி அரிவாளைத் தொட்டான். அன்னக்கொடி அவனைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் கித்தாரை எடுத்துத் துளையில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு அதை விருமாண்டியிடம் நீட்டினாள். அவனும் காதை வைத்தான். அரிவாளிலிருந்து கையை எடுத்தான்.

"இத நான் கொண்டுபோறேன், ராவுத்தரே," என்றாள் அன்னக்கொடி.

ராவுத்தர் வாயைத் திறந்தார்.

"பேசாதீக. ஒங்க வாயிலருந்து இனி இதப் பத்தி ஒரு சொல்லு வரக்கூடாது."

வரவில்லை. வேறு எந்தப் பொருளைப் பற்றியும் அவர் வாயிலிருந்து விலை வரவில்லை. எடுத்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கடை சிறுத்து, ஒரு பெட்டியளவாகி, 1941இல் அவர் இறந்தபோது ஜெயினம்பு அதைச் சாத்தினாள்.

கித்தாரை அன்னக்கொடி வீட்டு நடுச்சுவரில் மாட்டினாள். பக்கத்தில் போய் நின்றால், உள்ளே வெகு ஆழத்தில் கடப்பாரை பாறையில் விழுகிற சத்தம் கேட்டது. காலையில் தொடங்கி, பொழுது சாய நின்றது. முதலில் ஊரார் பயந்தார்கள். குறி சொல்கிற ஒரு கோடாங்கி வந்து பார்த்துவிட்டுக் கூலி வாங்காமல் போனார். பிறகு பழகிவிட்டது. யாராவது பேயாண்டியைத் தேடி வந்து கேட்டால் அன்னக்கொடி, "வேலையா இருக்காரு," என்பாள். அந்த ஊரில் யாரும் அதன் விலையைப் பேசியதில்லை. பேச்சுவாக்கில் வந்துவிடக்கூடாது என்று மாட்டு விலையைக்கூட அந்தத் தெருவுக்கு வெளியே போய்த்தான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கமே வராதிருந்த பெரைரா 1946இல் வந்தார். தலை நரைத்திருந்தது. ராவுத்தர் கடையை விசாரித்து, ஜெயினம்பு வழிசொல்ல மறுத்தும், யாரையோ கேட்டு மாட்டுவண்டி பிடித்துக் கீழக்குயில்குடிக்கு வந்துவிட்டார். சுவரில் கித்தாரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். காதை வைத்தார். கடப்பாரைச் சத்தத்தைக் கேட்டார். முதுகுப் பலகையைத் தடவினார், இப்போது வேர்க்கவில்லை. அவர் கண்கள் மெல்லச் சுருங்குவதை, யோசிப்பதை, உதடு பிரிவதை வாசலில் கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள். விருமாண்டி முன்னால் வந்து, முரட்டுத்தனம் எதுவும் இல்லாமல், தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினான்.

"வண்டி நிக்கிது, ஐயா," என்றான்.

பெரைரா போய்விட்டார். வெயில் உச்சிக்கு வந்தது. உள்ளே சத்தம் நின்றது. அன்னக்கொடி கம்பங்கூழைக் கரைத்து, ஒரு வெங்காயத்தை நசுக்கி வைத்து, கலயத்தைக் கித்தாருக்குக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். திரும்பி வந்தபோது கலயம் காலியாக இருந்தது, வேலை மறுபடி தொடங்கியிருந்தது. அவள் கலயத்தை எடுத்துக் கழுவினாள்.