கடைசி நாற்காலி

சமாதான முகாமின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, மியூசிக்கல் சேர் விளையாட்டின் கடைசி நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்த இனியாவும் யாழினியும் அதன்பிறகு எழவில்லை. எழ முயன்றால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் அவர்களோடு சேர்ந்து எழுந்தது. அன்று தட்டாஞ்சாவடியில் மதியமே கரண்ட் போயிருந்தது, பாட்டு செல்போனில்தான் ஓடியது. மற்றபடி சொல்லும்படி எதுவும் இல்லை.

முகாமை நடத்திய கார்குழலி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொடுக்க, சேர்ந்திருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு தினமும் ஸ்கூட்டரில் அந்தச் சமுதாயக்கூடத்துக்கு வந்தாள். பெற்றோர் முதல் நாளே கேட்டது பரிசைத்தான். இங்கே யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதில்லை என்றாள் கார்குழலி. "அப்புறம் எதுக்கு மிஸ் வெயில்ல புள்ளைய அனுப்பணும்? டிராயிங் கிளாஸ்ல மெடலாவது தராங்க," என்றாள் இனியாவின் அம்மா அமுதவல்லி. இரண்டாம் வாரம் கூட்டம் பாதியாகக் குறைந்தது. வேறு வழியில்லாமல் கார்குழலி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கி, மியூசிக்கல் சேர் வைத்தாள்.

தேங்காய் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் பலிக்கவில்லை. தொழிற்பேட்டையிலிருந்து வந்த வெல்டர் நாற்காலியை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த இடம் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது. கூலி வேண்டாம் என்று போய்விட்டார். டாக்டர் இருவருக்கும் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கார்குழலியைக் குடைந்தது வேறொன்று: பிள்ளைகளுக்குள் சண்டையே இல்லை. "ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட்டுன்னு அம்மாங்க சொல்லிட்டா விட்டுரும் மிஸ்," என்றாள் யாழினி, விளையாட்டின் விதியைச் சொல்வது போல.

இரண்டு வீடும் எதிரெதிரே. பள்ளி திறப்பதற்குள் அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்று கார்குழலி தெருவின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கினாள். "எம் பொண்ணுதான் மொதல்ல உக்காந்தா. நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் யாழினியின் அம்மா சரிதா. அமுதவல்லியும் அதையேதான் சொன்னாள். கார்குழலி பொறுமையிழந்து, எல்லா வீட்டிலும் சொல்வது போல, பெரியவள் விட்டுக்கொடுக்கட்டும் என்று சொல்லிவைத்தாள். அது பெரிய தப்பாகிவிட்டது. ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரி வார்டில் பிறந்த பிள்ளைகள். அதுவரை தன் மகள்தான் அரைமணி நேரம் மூத்தவள் என்று தெருவெல்லாம் சொல்லிவந்த இரண்டு பேரும், அன்று சாயங்காலத்திலிருந்து தன் மகள்தான் இளையவள் என்று சத்தியம் செய்தார்கள்.

பிள்ளைகள் ஒருநாள் இந்த வீட்டில், ஒருநாள் அந்த வீட்டில் படுத்தார்கள். அம்மாக்கள் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே, ஒரே தாளத்தில் கால் வைத்து நடந்தார்கள். அமுதவல்லி கொண்டுவந்த மீன் குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சரிதா இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டாள். லீவு முடியப்போகிற நாளில் கார்குழலி நடுத்தெருவில் நின்று கத்திவிட்டாள்: "ஒரே ஒரு வார்த்தைதானே! சொல்லித் தொலைங்களேன்!"

"பாருக்கா, சமாதானம் சொல்லித்தர வந்த மிஸ்ஸு கத்துறத," என்றாள் சரிதா.

"அதான பாக்குறேன்," என்றாள் அமுதவல்லி. அந்தக் கோடையில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஜூனில் பள்ளி திறந்தது. டீச்சர் எல்லோரையும் உட்காரச் சொன்னார், மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முதல் வாரம் நாற்காலிக்கும் டிக்கெட் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். வகுப்புக் கதவை அகலமாக்க வந்த கொத்தனார் பிள்ளைகளை நாற்காலியோடு சேர்த்தே அளந்துகொண்டார்.

அடுத்த மே மாதம், பரிசு கிடையாது என்று முன்னதாகவே சொல்லிவிட்டு கார்குழலி மறுபடியும் முகாம் ஆரம்பித்தாள். வந்தது இரண்டு பேர்தான். நாற்காலி எடுத்துப்போடும் வேலை அவளுக்கு இருக்கவில்லை.