கூப்பிடாத மூன்று மணித்தியாலம்

மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கமாட்டார் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாய்ந்தமருது சபியா உம்மா அப்படித்தான் இருந்தார். குடியிருந்த வீட்டையே மகள் றுஸ்தாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்து, மருமகன் ஸஹீத் அந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷமாகிறது. அத்தனை வருஷமும் அவனிடம் சொல்லவேண்டியதையெல்லாம் கதவுத் திரையைப் பார்த்தே சொன்னார். "தேத்தண்ணி மேசையில கிடக்கு" என்பார். திரைக்கு அப்பாலிருந்து "சரி மாமி" என்று பதில் வரும். பகை ஒன்றும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான்.

அந்த வெட்கம்தான் அவரை மூன்று மணித்தியாலம் ஈரத் தரையில் கிடத்தியது.

அன்று செவ்வாய்க்கிழமை. றுஸ்தா பாடசாலையில் படிப்பிக்கப் போய்விட்டாள். ஸஹீத் முன்னறையில் யாரோ கொடுத்துவிட்ட மின்விசிறியைத் திருத்திக்கொண்டிருந்தான். அந்த அறைதான் அவன் கடை. பத்தரை மணியளவில் குளியலறையில் குளித்துவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிய சபியா உம்மாவுக்குக் கால் வழுக்கியது. பெரிய விழுகை ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளை விழுந்திருந்தால் எழும்பி ஓடியிருக்கும். இவருக்கு இடுப்புக்குள் சடக்கென்று ஒரு சத்தம். வலது கால் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. அசைக்க ஏலாது.

கூப்பிட வாய் திறந்தார், மூடிக்கொண்டார். தலையில் முக்காடு இல்லை. உடுப்பு நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. இந்தக் கோலத்தில் மருமகன் வந்து தூக்குவதா? றுஸ்தா வரட்டும் என்று பல்லைக் கடித்தார். நடுவில் ஒருதரம் ஸஹீத்தின் செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் வந்தது. தண்ணீர் வார்த்துக் குடித்தான். சபியா உம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், முனகல் வெளியே போய்விடக்கூடாதென்று. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. மதியம் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது தரையில் கிடந்தபடிதான் காதில் விழுந்தது. மருமகன் மாமியாருக்கு மகன் மாதிரி, அவருக்கு முன்னால் திரை வேண்டியதில்லை என்று எத்தனை மார்க்கப் பயானில் கேட்டிருப்பார்! மார்க்கம் தடுக்காததை வெட்கம் தடுத்துவிட்டது.

ஒன்றே முக்காலுக்கு றுஸ்தா வந்து போட்ட கூக்குரலில்தான் ஸஹீத் ஓடிவந்தான். பெட்சீற்றால் மாமியாரை மூடி, அயல் வீட்டாரையும் சேர்த்துப் பலகையில் கிடத்தி, அம்புலன்சில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொனியா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தாள். கல்முனைக்காரி, சின்ன வயது, ஆனால் ஒளித்துப் பேசாத வாய்.

"உம்மா, இது விழுந்ததால மட்டும் உடைஞ்சதில்ல. எலும்பு ஏற்கனவே மெலிஞ்சு போயிருக்கு. மாதவிடாய் நிண்ட பிறகு பொம்புளையளுக்கு எலும்பு உள்ளுக்குள்ளால கரையும், வெளிய ஒண்டும் தெரியாது. இதுக்கு முதல் எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

"போன வருஷம் படியில தடுக்கி மணிக்கட்டு உடைஞ்ச" என்றாள் றுஸ்தா. "எண்ணெய் போட்டுக் கட்டி ஆறிட்டு."

"அண்டைக்கே எலும்பைப் பாத்திருக்கணும். சின்ன விழுகைக்குக் கை உடைஞ்சா அது எச்சரிக்கை." டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டாள். "சரி, பத்தரைக்கு விழுந்தவங்க ரெண்டு மணி வரைக்கும் ஏன் கிடந்தீங்க? வீட்டில ஒருத்தரும் இருக்கல்லயா?"

சபியா உம்மா கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஸஹீத் தொண்டையைச் செருமினான்.

"நான் இருந்த, டொக்டர். ரேடியோவச் சத்தமா வச்சிருந்த. மாமி கூப்பிட்டது எனக்குக் கேக்கல்ல."

சபியா உம்மாவுக்கு இடுப்பு வலியே மறந்துபோனது. எந்த ரேடியோ? அன்று காலையிலிருந்து தெருவுக்கே கரண்ட் இல்லை. இந்தப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. மாமியார் ஏன் கூப்பிடவில்லையென்று நாலு பேருக்கு முன்னால் சொல்லவைக்காமல், பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டான். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கத்துக்கு மேல் வெட்கம்.

அல்லாஹ்வின் கிருபையால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்கு இரத்தம் கொடுத்தவனும் ஸஹீத்தான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நேரமும் வந்தான். நெத்தலிச் சொதியும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாட்டுக்கு வெளியே வாங்கில் போய் உட்கார்ந்துகொள்வான். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், குளியலறையின் வழுக்குத் தரை உடைத்துச் சொரசொரப்பாகப் பூசப்பட்டிருந்தது. சுவரோரம் பிடித்து நடக்க இரும்புக் குழாய். குந்தியிருக்க ஏலாதென்று புதுக் கொமட். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லிக்காட்டவில்லை. கதிரையில் இருந்து தொழுத ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் சபியா உம்மா அவன் பேரைச் சொல்லித் துஆக் கேட்டார். அல்லாஹ்விடம் சொல்ல முடிந்த பேரை அவன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் நாக்கு எழும்பவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "வீட்டில இருந்துகிட்டே மாமியாரச் சாகப் போட்ட மருமகன்" என்ற கதை அயலூர் மாளிகைக்காடு வரை போய்விட்டது. மின்விசிறி கொடுத்தவர்களில் இரண்டு பேர் திருத்தாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிவாசலில் ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டாராம். ஸஹீத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான். றுஸ்தா இதைச் சொல்லி அழுதபோது சபியா உம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை நோய் விசாரிக்க வந்தார் ஆயிஷா உம்மா. சபியா உம்மாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. வயது எழுபதுக்கு மேல், வாய்க்கு இருபது. கூடவே அயலில் மூன்று பெண்கள். றுஸ்தா பாடசாலையில். ஸஹீத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான்.

ஆயிஷா உம்மா கோப்பையைத் தொடவில்லை. "தேத்தண்ணி ஊத்தத் தெரியிது. அண்டைக்குக் காதுதான் கேக்கல்ல போல" என்றார், மற்றப் பெண்களைப் பார்த்து. "பெத்த மகனெண்டா இப்பிடி உட்டிருப்பானா?"

 ஸஹீத் வெறும் தட்டைக் கையில் பிடித்தபடி வாசலைப் பார்க்கத் திரும்பினான். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளையின் முதுகு, தன்னால் கூனிப்போயிருக்கிறது என்று சபியா உம்மாவுக்குப் பட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ராத்தா, வாய மூடுங்க."

ஆயிஷா உம்மாவை அப்படி யாரும் சொன்னதில்லை. 

"நான் கூப்பிடல்ல" என்றார் சபியா உம்மா.  "மூணு மணித்தியாலமும் நான் கூப்பிடல்ல. கரண்டே இல்லாத நாள், ஊசி விழுந்தாலும் கேக்கும். இவர் குசினிக்கு வந்து தண்ணி குடிச்சார். நான் மூச்ச அடக்கிக்கிட்டுக் கிடந்த. மருமகன் என்னத் தொட்டுத் தூக்கப்படாதெண்டு கிடந்த. ரேடியோ எண்டது பொய். என்ட மானத்துக்காக இவர் சொன்ன பொய். போற வீட்டில எல்லாம் இதயும் சொல்லுங்க."

ஆயிஷா உம்மா கோப்பையை எடுத்தார். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி காணும், அளவாத்தான் கிடக்கு" என்றார், மெதுவாக.

ஸஹீத் இன்னும் வாசலில்தான் நின்றான். போவதா நிற்பதா என்று தெரியாத நிலை.

நாளுக்கு மூன்று தரம் நடக்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பிய கட்டளை. நடந்தால்தான் எலும்புக்குப் பலம், இல்லாவிட்டால் கட்டிலோடு முடிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். றுஸ்தா வந்து கை கொடுக்கும் வரைக்கும் காத்திருந்து, இத்தனை நாளும் ஒரு தரம்தான் நடந்திருந்தார். காலை நடை ஒருநாளும் நடந்ததில்லை.

"மகன்" என்றார் சபியா உம்மா.

ஸஹீத் திரும்பிப் பார்த்தான். தன்னைத்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

"ஓம், உங்களத்தான். எனக்கு எழும்பணும். கையத் தாங்க."

தட்டை வைத்தான். கிரீஸ் கறை படிந்த கையை உடுத்திருந்த சாரத்தில் இரண்டு தரம் துடைத்துவிட்டு நீட்டினான். சபியா உம்மா அதைப் பிடித்துக்கொண்டு, நாலு பெண்களும் பார்த்திருக்க, கட்டிலை விட்டு எழும்பி நின்றார். வலது காலை ஒரு அடி முன்னே வைத்தார்.

"மெல்ல மாமி" என்றான் ஸஹீத். 

"மெல்லத்தான் வாறன். நீங்க புடிச்ச கைய உட்டுராதீங்க" என்றார் சபியா உம்மா, அவன் முகத்தை நேரே பார்த்து.